ஊர்ச்செடியைத் தாளில் இறக்குதல்

ஊரை நினைத்துச் செடி வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, பின்னணியில் என்ன போடுவது என்பதுதான். ஓட்டு வீடு போடலாமா, கோபுரம் தெரிய வேண்டுமா, கண்மாய்க்கரை வந்தால் நன்றாயிருக்குமா என்று கேட்பார்கள். எதுவும் வேண்டாம் என்பேன். செடியைச் சரியாக வரையுங்கள், ஊர் தானாக வந்து சேரும். பூச்சி அரித்த இலை, உப்புக்காற்றில் கருகிய நுனி, ஆடு எட்டிக் கடித்த கொப்பு, தை மாதத்துப் பிஞ்சு ஆகியவற்றில் இருக்கும் ஊர், பின்னால் தீட்டிய ஓட்டு வீட்டில் இருக்காது. இந்த அத்தியாயத்தின் செய்முறைகள் எல்லாம் இந்த ஒரு நம்பிக்கையிலிருந்து வருபவை.

எடுத்துக்காட்டுகளைக் கிழக்குக் கடற்கரைச் சமவெளியிலிருந்தும் அதையொட்டிய செம்மண் காடுகளிலிருந்தும் எடுத்திருக்கிறேன். எனக்குப் பழகிய நிலம் அது. உங்கள் நிலம் கரிசலோ மலையோ ஆற்றங்கரையோ, செடிகளை மாற்றிக்கொண்டு இதே முறையில் போகலாம்.

எந்தச் செடி?

நடந்து போய்த் திரும்பும் தூரத்தில் நிற்கிற செடியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு செடியை வரைய ஒருமுறை பார்த்தால் போதாது. மொட்டு விடும்போது, பூக்கும்போது, காய் முற்றும்போது, காய் காய்ந்து உதிர்ந்த பிறகு என்று திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியை வரைய எல்லாருக்கும் ஆசைதான். அது 2018-இல் பூத்தது; அடுத்து 2030-இல் எதிர்பார்க்கலாம். தெருவோரத் தும்பை அப்படி நம்மைக் காக்க வைக்காது. மழைக்குப் பின் வாசலிலேயே முளைத்து நிற்கும்.

சங்கப் புலவர்கள் நிலத்துக்குப் பெயர் வைத்ததே பூவையும் மரத்தையும் கொண்டுதான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் வரிசையாக வருகின்றன. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலான கருப்பொருள்களை வகுத்துத் தருகிறது. ஓவியருக்கு இந்தப் பட்டியல் அருமையான வேலைக்கருவி. செடியைத் தேர்ந்ததும் குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள்: என்ன மண், எந்தப் பூச்சி வருகிறது, எந்தப் பறவை உட்காருகிறது, யார் எதற்குப் பறிக்கிறார்கள். இதில் பாதிகூடத் தாளில் ஏறாது. ஆனால் எந்த இலையைச் சேர்ப்பது, எந்தக் கொப்பை விடுவது என்று கை தயங்கும்போது அந்தக் குறிப்புதான் முடிவெடுத்துக் கொடுக்கும்.

மண்ணுக்குரிய செடியும் வீட்டு நினைவில் நிற்கும் செடியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. காம்பவுண்டுச் சுவரில் ஏறும் போகன்வில்லா தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நித்தியகல்யாணியும் குல்மோகரும் மடகாஸ்கர்த் தீவினுடையவை. கொய்யாவும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தவை. சீமைக்கருவேலமும் அங்கிருந்து வந்ததுதான். இராமநாதபுரம் பக்கத்தில் வளர்ந்த ஒருவருக்கு, வீடு என்றதும் கண்ணில் வருவது அந்த முள்மரத்தின் சிறு இலைகளும் வெளிறிய மஞ்சள் நெற்றும்தான் என்றால், அதை வரையாதே என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வரையட்டும். எங்கிருந்து வந்த மரம் என்பதையும் பெயருக்கு அடியில் எழுதட்டும்.

இருந்தாலும் புதிதாகத் தொடங்குபவர்களை நான் மண்ணுக்குரிய செடிகள் பக்கமே தள்ளுவேன். சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்தில் பரந்திருந்த உலர் பசுமைமாறாக் காடு இன்று பெரும்பாலும் கோயில்காடுகளில் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. காயா, வீரை, உலக்கைப்பாலை போன்ற மரங்களை அந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்கு இப்போது அடையாளம் தெரியவில்லை. பார்க்க ஆளில்லாமல் போகும் செடியை ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

பறிப்பதற்கு முன் ஒரு வார்த்தை. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் ஒரு கொப்பைக்கூட ஒடிக்கக் கூடாது. கோயில்காடுகள் பலவற்றில் சுள்ளி எடுப்பதும் ஊர்க்கட்டுப்பாட்டில் தடை. அங்கெல்லாம் தரையில் உட்கார்ந்து வரைந்துவிட்டு வாருங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண் புண்ணாகும், கை கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள். செங்காந்தளின் எல்லாப் பாகங்களும் நஞ்சு, கிழங்கு கொடிய நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்.

முன்னோர் இருவர்

இந்த மண்ணின் செடிகளை நுணுக்கமாகக் காகிதத்தில் இறக்கிய ஓவியர்கள் 200 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிருந்தார்கள். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1819-இல் சென்னைக்கு வந்தார். தாவரவியலில் ஊறிப்போன அவருக்கு முதலில் ரங்கையாவும் பின்னர் கோவிந்துவும் வரைந்து கொடுத்தார்கள். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட ‘ஐகோன்ஸ் பிளான்டாரம் இந்தியே ஓரியன்டாலிஸ்’ தொகுதிகளில் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. பல படங்களின் அடியில் இந்த இருவரின் பெயர்களும் அச்சாகியிருக்கின்றன. இந்திய ஓவியர்களின் பெயரை விட்டுவிடுவதே வழக்கமாக இருந்த காலம் அது. 1853-இல் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பிற்காலத் தாவரவியலாளர்கள் அதை வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். மூல ஓவியங்களில் பல எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன.

தொடக்கக்காரர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி இவர்களைப் பார்த்து வரைவதுதான். பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் அந்தத் தொகுதிகளை இலவசமாகப் பார்க்கலாம். ஐகோன்ஸ் படங்கள் நிறம் தீட்டாத கல்லச்சுப் படங்கள். கோடு மட்டுமே இருப்பதால் ஏமாற்ற வழியில்லை. நடுவில் ஒரு கொப்பு, அடியில் பிரித்து வைத்த பூவின் உறுப்புகள் என்ற அமைப்பைக் கவனியுங்கள். ஓர் இலையாவது திரும்பி அடிப்பக்கம் காட்டுகிறதா, காம்பு தண்டில் சேரும் இடத்தில் கோடு எப்படித் தடிக்கிறது என்றும் பாருங்கள். தெரிந்த செடியாகத் தேடி எடுத்து அதையே வரையுங்கள். முன்பின் தெரியாத செடியை நகலெடுப்பதில் கை பழகும், கண் பழகாது.

மேசையில் இருக்க வேண்டியவை

நல்ல தாளில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். 100% பருத்தியில் செய்த, வழவழப்பான ஹாட் பிரஸ்டு தாள், 300 ஜிஎஸ்எம் கனம். சொரசொரப்பான தாளில் இலை நரம்பு உடைந்து உடைந்து நிற்கும். தூரிகையில் 6, 4, 2 என்று மூன்று அளவுகள் போதும். கொலின்ஸ்கி சேபிள் முடியில் செய்தவை விலை அதிகம். முனை கூர்மையாகக் கூடுகிற செயற்கை முடித் தூரிகையிலும் இந்த வேலையைச் செய்யலாம். அளவெடுக்கப் பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடரே சிறந்த கருவி. அதோடு ஒரு எச் பென்சில், பிசைகிற ரப்பர், டிரேசிங் பேப்பர், 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ்.

நிறங்களில் லெமன் யெல்லோ, நியூ காம்போஜ், பெர்மனென்ட் ரோஸ், ஸ்கார்லெட், பிரெஞ்ச் அல்ட்ராமரைன், செரூலியன் புளூ என்று ஆறு டியூப் வாங்கினால் இங்குள்ள செடிகளில் பெரும்பாலானவற்றை எட்டிவிடலாம். டியூபின் மேல் நிறமியின் குறியீடும் வெளிச்சத்தைத் தாங்கும் அளவும் அச்சிட்டிருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். அலிசரின் கிரிம்சன் அழகான சிவப்புதான், ஆனால் அசல் அலிசரின் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். நம் ஊர் வெயில் விழும் கூடத்தில் மாட்டிய படத்துக்கு அது ஆகாது. பச்சை டியூப் வாங்கவே வாங்காதீர்கள். கடைப் பச்சையை அப்படியே பூசினால் எந்த ஊர் இலையும் வேறெங்கோ முளைத்ததுபோல் ஆகிவிடும். வேப்பிலைக்கு ஒரு பச்சை, பூவரசுக்கு ஒரு பச்சை, எருக்குக்குச் சாம்பல் பூத்த ஒரு பச்சை என்று கலந்து கலந்துதான் பழக வேண்டும்.

பூவரசு: தொடக்கம் முதல் முடிவு வரை

முதல் முழுப்படத்துக்குப் பூவரசையே சொல்வேன். கரையோர ஊர்களில் எங்கும் உண்டு, ஆண்டின் பெரும்பகுதியும் பூ கிடைக்கும், இலை பெரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய கைக்கு அதன் தடிமன் ஏற்கெனவே தெரியும்.

காலை 7 மணிக்கு மரத்தடிக்குப் போங்கள். நடுப்பகல் வெயில் உச்சியிலிருந்து நேராக விழுந்து நிழலையெல்லாம் தின்றுவிடும், இலை தட்டையாகத் தெரியும். காலைச் சாய்வெளிச்சத்தில்தான் அதன் மேடு பள்ளம் புலப்படும். முதலில் பறிக்காமல் பாருங்கள். அன்று மலர்ந்த பூ வெளிர்மஞ்சளாக, அடியில் கருஞ்சிவப்புப் பொட்டோடு இருக்கும். ஐந்து இதழ்களும் ஒன்றன் விளிம்பை ஒன்று தழுவி முறுக்கிக்கொண்டு நிற்கும், முழுதாக விரியாது. மாலையாக ஆக மஞ்சள் சிவக்கத் தொடங்கும், வாடும்போது ஊதாச்சிவப்பாகிவிடும். ஒரே கொப்பில் இன்றைய பூவும் நேற்றைய பூவும் சேர்ந்து கிடைத்தால் அந்தக் கொப்பைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் பூவின் ஒரு முழுநாள் தாளில் ஏறிவிடும்.

கொப்பை வெட்டியதும் தண்ணீர்ப் பாட்டிலில் செருகுங்கள். மரத்தடியிலேயே குறிப்பேட்டில் நிறங்களைக் கலந்து சிறு கட்டங்களாகப் பூசி வையுங்கள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பூவின் நிறம் மாறத் தொடங்கியிருக்கும், இந்தக் கட்டங்கள்தான் சாட்சி. உபரிப் பூவை ஈரப்பஞ்சோடு டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் காய்கறித் தட்டில் வைக்கலாம்.

வேலை வரிசை முக்கியம். முதலில் பூ, அடுத்து மொட்டு, பிறகு இலை, கடைசியில் காயும் தண்டும். எது முதலில் வாடுமோ அது முதலில். கடற்கரை அடும்பம்பூ மதியத்துக்கு மேல் நிற்காது, அதற்கு இந்த ஒழுங்கு இன்னும் கண்டிப்பு.

கொப்பைக் கண் மட்டத்தில் நிறுத்தி, இடது மேற்புறமிருந்து வெளிச்சம் விழும்படி வையுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் நாள் முழுக்க வெளிச்சம் அதிகம் மாறாது. டிவைடரால் அளந்து சாதாரணத் தாளில் உண்மை அளவிலேயே வரையுங்கள். பூவரசு இலை இதய வடிவம் என்று மனத்துக்குத் தெரிந்திருப்பதுதான் இங்கே தடை. வாழ்த்து அட்டையில் வருவதுபோல் சமச்சீரான இதயத்தைக் கை தானாகப் போட்டுவிடும். அதை விட்டுவிட்டு முதலில் நடுநரம்பை மட்டும் ஒரே கோட்டில் இழுங்கள். இலை எப்படித் தொங்குகிறது, எங்கே திரும்புகிறது என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும். அடுத்து, இலையின் அடியிலிருந்து கைவிரல்கள்போல் பிரியும் பக்க நரம்புகள். வெளிவிளிம்பு கடைசியில்தான். அடிமடல் இரண்டும் ஒரே அளவில் தெரியாது. நம் பக்கம் இருப்பது அகலமாகவும் அந்தப் பக்கத்தது ஒடுங்கியும் தெரியும். டிவைடரை நம்புங்கள்.

லென்ஸை எடுத்து இலையின் அடிப்பக்கம் பாருங்கள். இளம் இலையிலும் காம்பிலும் பழுப்பு நிறத்தில் நுண்செதில்கள் ஒட்டியிருக்கும். நடுநரம்பின் அடியில், காம்பு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், தேன் சுரக்கும் சிறு பிளவு தெரியும். எறும்பு அங்கே வந்து போவதைப் பார்க்கலாம். ஓர் இலையைத் திருப்பி வைத்து அடிப்பக்கத்தையும் வரையச் சொல்வது இதற்காகத்தான். மரத்தில் எந்நேரமும் நாலைந்து இலை பழுத்து மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருக்கும், கொப்பில் ஒன்று இருந்தால் விடாதீர்கள். பூச்சி ஓட்டை போட்ட இலையையும் விடாதீர்கள். ஓட்டையின் விளிம்பு பழுப்பாகத் தடித்திருக்கும். அந்தத் தடிப்பை வரையாவிட்டால் தாள் கிழிந்ததுபோல் தோன்றும்.

வரைந்தது சரியானதும் டிரேசிங் பேப்பர் வழியாக நல்ல தாளுக்கு மாற்றி, பிசையும் ரப்பரால் ஒற்றிக் கோட்டை வெளுக்க வையுங்கள். கையடியில் எப்போதும் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும். நம் வியர்வை தாளில் பட்ட இடத்தில் நிறம் சரியாகப் பிடிக்காது.

இனி நிறம். பூவரசு இலை பளபளப்பானது. பளபளப்பு என்பது இலையில் விழும் வானம். அதனால் வெளிச்சம் படும் இடங்களில் முதலில் செரூலியன் நீலத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பூசிக் காயவிடுங்கள். பச்சைக்கு நியூ காம்போஜோடு அல்ட்ராமரைன் கலந்து, துளி ஸ்கார்லெட் சேர்த்தால் பச்சையின் கூச்சல் அடங்கும். முழு இலையையும் ஒரே மூச்சில் பூச முயலாதீர்கள். சித்திரை வெயிலில் இலையின் மறுகோடிக்குப் போவதற்குள் இந்தக் கோடி காய்ந்து விளிம்பு கட்டிவிடும். இரண்டு நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதியை மட்டும் தண்ணீரால் நனைத்து, நரம்போரம் அடர்த்தியாகவும் நடுவில் இலேசாகவும் நிறத்தை விடுங்கள். காய்ந்ததும் அடுத்த பகுதி. நரம்புக்குத் தனியாக நிறம் வேண்டியதில்லை. பூசாமல் விட்ட மெல்லிய கீற்றில் பின்னர் ஒரு வெளிர்மஞ்சள் ஓட்டினால் அதுவே நரம்பாகிவிடும். மூன்று நான்கு பூச்சுக்குப் பிறகு, தூரிகையில் ஈரத்தைத் துணியில் ஒற்றியெடுத்துவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த முனையால் சின்னச் சின்னக் கோடுகளாக இழைத்து முடிக்க வேண்டும். பொறுமை வேண்டியது இந்தக் கட்டத்தில்தான். ஒரு சாயங்காலம் ஓர் இலை என்று வைத்துக்கொண்டாலும் அது மெதுவான வேலை ஆகாது.

பூவுக்கு லெமன் யெல்லோவை நீர்க்கப் பூசுங்கள். கருஞ்சிவப்புப் பொட்டைக் கடைசியில், இதழ் நன்றாகக் காய்ந்த பிறகு வையுங்கள். பெர்மனென்ட் ரோஸும் ஸ்கார்லெட்டும் துளி அல்ட்ராமரைனும் சேர்ந்த கலவை அதற்கு. பொட்டின் விளிம்பு வட்டமாக வெட்டினாற்போல் இருக்காது, இதழ் நரம்புகளின் வழியே மேல்நோக்கி இழையிழையாகக் கரையும். நேற்றைய பூவுக்கு அதே மஞ்சளைப் பூசிக் காயவிட்டு, மேலே ரோஸை மெல்லியதாக ஓட்டுங்கள். அடிமஞ்சள் தெரியத்தான் வேண்டும்.

காய்க்கு இன்னொரு நாள். பச்சைக்காயைக் கீறினால் மஞ்சள் பிசின் கசியும். குறுக்கே வெட்டி, உள்ளே தெரியும் அறைகளை எண்ணிச் சிறு படமாகத் தாளின் அடியில் சேருங்கள். முற்றிக் காய்ந்த காய் கருத்துச் சுருங்கி, அடியில் புல்லிவட்டம் தட்டுப்போல் ஒட்டியிருக்கும். உதிர்ந்த காய்களின் மேல் சிவப்பு நாவாய்ப்பூச்சிகள் கூட்டமாக மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்த்திருந்தால் ஒன்றை வரைந்து சேருங்கள். பார்க்காத பூச்சியை அழகுக்காக உட்கார வைப்பது பொய்.

வெள்ளை, மஞ்சள், நீலம்

தும்பை, புன்னை போன்ற வெள்ளைப்பூவை வெள்ளைத் தாளில் வரைய இதழைச் சுற்றிப் பென்சில் கோடு போடத் தோன்றும். அதைத் தவிர்க்க, பூவுக்குப் பின்னால் ஓர் இலை வரும்படி கொப்பைத் திருப்பி வையுங்கள், பச்சையே இதழின் விளிம்பை வெட்டிக் காட்டும். நிழலுக்கு மஞ்சள், ரோஸ், நீலம் மூன்றையும் கலந்து கிடைக்கும் சாம்பல் நிறத்தை, தாளில் தெரிகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு நீர்க்க விடுங்கள். புன்னையின் நடுவில் குவிந்திருக்கும் மஞ்சள் கேசரங்களை அடர்த்தியாகத் தீட்டினால் பக்கத்து வெள்ளை இன்னும் வெளுப்பாகிவிடும்.

ஆவாரைக்கும் சரக்கொன்றைக்கும் கருப்பு கலந்து நிழல் போட்டால் மஞ்சள் சேறாகும், நீலம் கலந்தால் பச்சையாகும். துளி ஊதாதான் மஞ்சளை மஞ்சளாகவே இருட்டாக்கும். கொன்றைப்பூவில் பத்துக் கேசரங்களும் ஒரே நீளமில்லை. மூன்று மட்டும் நீண்டு கொக்கிபோல் வளைந்து நிற்கும், அவற்றை எண்ணி வரையாத கொன்றை கொன்றையே ஆகாது.

காயாவின் நீலத்தைப் பிடிப்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினம். கொப்பை ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூப்பதால் ஒவ்வொரு பூவாக வரையப் போனால் புள்ளிக்கூட்டம்தான் மிஞ்சும். கொத்தை முழு உருண்டையாக எண்ணி, அல்ட்ராமரைனில் சிறிது ரோஸ் சேர்த்து நிழல் பக்கத்தை முதலில் ஒன்றாக இறக்குங்கள். வெளிச்சப் பக்கத்தில் முன்னால் நிற்கும் நாலைந்து பூவை மட்டும் இதழ் இதழாக எடுத்துக் காட்டினால் போதும். மீதியைக் கண் நிரப்பிக்கொள்ளும்.

தாளுக்குள் அடங்காத பனை

பனையை உண்மை அளவில் வரைய முடியாது. முழு மரத்தைச் சிறிதாக்கிப் போட்டால் அது வெறும் காட்சிப்படமாகிவிடும். ஒரு பாகத்தை எடுங்கள். ஓலையின் நுனிப்பகுதி, கருக்குமட்டையின் பல்வரிசை, குறுக்கே வெட்டி மூன்று கண்ணும் தெரியும் நுங்கு, பொடியும் நாரும் ஒட்டிய பனம்பழம் என்று எதையும் உண்மை அளவில் தீட்டலாம். ஆண்பனையின் பாளையும் பெண்பனையின் பாளையும் வேறு வேறு மரத்தில் வரும், இரண்டையும் ஒரே தண்டில் சேர்த்துவிடாதீர்கள். பனையேறும் குடும்பத்தாரிடம் பத்து நிமிடம் பேசினால் எந்தப் பாகத்துக்கு என்ன பெயர், எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்று புத்தகத்தில் இல்லாததெல்லாம் கிடைக்கும்.

நிலத்தையும் காட்ட வேண்டும் என்றால்

வெற்றுத்தாளில் செடி மட்டும் நிற்பது ஒரு மரபு. செடியை அது நிற்கும் இடத்தோடு வரைவது இன்னொன்று. மரியான் நார்த் (1830–1890) உலகம் சுற்றி எண்ணெய் வண்ணத்தில் இப்படித்தான் வரைந்தார். இலங்கைக்கும் இந்தியாவுக்கும்கூட வந்தார். கியூ தாவரவியல் பூங்காவில் 1882-இல் திறந்த அவருடைய காட்சிக்கூடத்தில் 800-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் சுவர் தெரியாமல் நெருங்கித் தொங்குகின்றன. மார்கரெட் மீ (1909–1988) அமேசான் காட்டில் பல முறை பயணம் செய்தவர். தம் கடைசி ஆண்டில், ஓரிரவு மட்டும் மலரும் ஒரு கள்ளிப்பூவை அது மலரும் இருட்டிலேயே உட்கார்ந்து வரைந்தார். இருவர் படத்திலும் பின்னணி செடியின் சொந்த இடம். வேறெங்கிருந்தும் கொண்டுவந்து ஒட்டியது கிடையாது.

நீங்களும் அப்படிச் செய்ய விரும்பினால் செடியைச் சுற்றி இரண்டடி நிலத்தோடு நிறுத்துங்கள். அடும்பங்கொடி என்றால் காற்று வரித்த மணல், பக்கத்தில் இராவணன் மீசைப் புல்லின் ஊசியிலை, கொடி ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு மணலைப் பிடித்திருக்கும் விதம். கடல் தெரிய வேண்டியதில்லை. பின்னணியை ஒரே ஒரு நீர்த்த பூச்சோடு விட்டுவிடுங்கள். செடியில் மட்டுமே நுணுக்கம் இருக்கட்டும்.

ஊரை விட்டுத் தொலைவில் இருப்பவர்களுக்கு

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறீர்கள் என்றால் கடற்கரைக்கு நடந்து போங்கள். பூவரசு, புன்னை, அடும்பு மூன்றும் இந்தியப் பெருங்கடல் கரைகளுக்கும் அதற்கப்பாலும் பொதுவானவை. அங்கேயும் இயல்பாக நிற்கும். குளிர்நாடுகளில் அதற்கு வழியில்லை. விதையும் செடியும் கொண்டுபோவதைத் தடுக்கும் விதிகள் உள்ள நாடுகளும் உண்டு. அப்போது ஊரில் இருக்கும் சித்தியிடமோ மாமாவிடமோ படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘பூவை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க’ என்று சொன்னால் அழகான, வரைவதற்கு உதவாத ஒரு படம் வரும். இப்படிக் கேளுங்கள்: இலையை வெள்ளைத் தாளில் வைத்துப் பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள், மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. பூவை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மூன்று. இலை தண்டில் சேரும் கணு ஒன்று. மரம் முழுதாக ஒன்று. எல்லாம் காலை வெயிலில், பிளாஷ் போடாமல்.

போட்டோவிலிருந்து அளவையும் அமைப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள், நிறத்தை நம்பாதீர்கள். நீலமும் ஊதாவும் செங்கருமையும் கேமராவில் பெரும்பாலும் மாறிவிடும். அனுப்பியவரிடமே கேளுங்கள். ‘காய்ஞ்ச மிளகாய்ச் சிவப்பா, குங்குமச் சிவப்பா அத்தை?’ என்று கேட்டால் அத்தை தெளிவாகச் சொல்லிவிடுவார்.

பெயரும் குறிப்பும்

படம் முடிந்ததும் அறிவியல் பெயரை உறுதிசெய்யுங்கள். கேம்பிளின் ‘சென்னை மாகாணத் தாவரங்கள்’ (1915–1936) இன்றும் பயன்படுகிறது. சமவெளிச் செடிகளுக்கு, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினட் உலர்தாவரக் கூடத்தை நிறுவிய கே. எம். மேத்யூ எழுதிய தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவரத் தொகுதிகள் இன்னும் வசதி. அவற்றில் கோட்டோவியங்களுக்கென்றே தனித் தொகுதி உண்டு. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரக் கூடமும், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் கூடமும் இருக்கின்றன. அதோடு உங்கள் ஊரில் அந்தச் செடியை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அந்தப் பெயரையும் எழுதுங்கள். அகராதியில் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். பக்கத்து ஊரில் வேறு பெயர் இருந்தால் அதையும் சேருங்கள்.

தாளின் பின்புறம், ஓரத்தில், பென்சிலால்: செடி நின்ற இடம், மண், மாதம், பூ பறித்த நேரம், பயன்படுத்திய நிறங்கள். பிரித்துக் காட்டிய உறுப்பைப் பெரிதாக்கி வரைந்திருந்தால் அதன் பக்கத்திலேயே எத்தனை மடங்கு என்று எழுதுங்கள்.

பத்திரப்படுத்துவதில் நமக்குப் பெரிய எதிரி ஐப்பசி, கார்த்திகை ஈரம். சுவரை ஒட்டிய பீரோவில் படத்தை நேராக வைத்தால் பூஞ்சைப் புள்ளி வந்துவிடும். அமிலமில்லாத தாளுக்கு இடையில் கிடத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து, வெயில் படாத காற்றில் ஒரு நாள் ஆறவிட்டு, பொட்டலத்தை மாற்றுங்கள். சட்டமிட்டு மாட்டுவதென்றால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லி, ஜன்னலுக்கு எதிரில் இல்லாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள்.